டில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ எவ்வளவு தூரம்?

டில்லித் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையோ பெண்ணோ கலிபோர்னியாவில் வேலையாக இருப்பது இன்று அபூர்வமான விஷயமல்ல. மகளின் பிரசவத்துக்கு உதவியாகவும், பேரக் குழந்தையைப் பார்த்து வரவும், வயதான பெற்றோர்கள் வருஷந்தோறும் புறப்படுகிறார்கள். பாலம் என்று பழைய பெயராலேயே இன்னும் பலர் சொல்லும் இந்திரா காந்தி விமான நிலையத்திலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு டிக்கெட் எடுக்கும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரப் பிரயாணம்?" என்பதுதான்.

2025 ஏப்ரல் வரை இதற்கு ஓரளவு நிச்சயமான பதில் இருந்தது. அதன் பிறகு பதில் தடுமாறத் தொடங்கியது. சில நாட்களில் கூடுதலாக ஒரு மணி, சில நாட்களில் இரண்டு மூன்று மணி, சில தடங்களில் நடுவில் எண்ணெய் நிரப்ப வேறொரு நாட்டில் இறங்க வேண்டிய நிலை. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பூமியும் பெருக்கவில்லை. ஆயினும் தூரம் கூடிவிட்டது. இது எப்படி நேர்ந்தது, இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உருண்டையின் மீது நேர்கோடு

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தைப் பார்ப்பவருக்கு, டில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு மேற்கே ஐரோப்பா, அட்லாண்டிக் கடல் வழியாகவோ, கிழக்கே சீனா, ஜப்பான், பசிபிக் கடல் வழியாகவோதான் போக வேண்டும் என்று தோன்றும். உருண்டையான பூகோளத்தை எடுத்து, இரு ஊர்களுக்கும் இடையே நூல் ஒன்றை இழுத்துப் பிடித்தால் வேறு விதமாகத் தெரியும். நூல் ஏறக்குறைய நேர் வடக்கே, சற்றே கிழக்கில் சாய்ந்து ஓடும். இமயமலையையும் திபெத்தையும் தாண்டி, சீனாவின் சிங்கியாங் மாகாணம், அல்தாய் மலைகள், சைபீரியா வழியாக வட துருவக் கடலைத் தொட்டு, 75 பாகை அட்சரேகைக்கும் மேலே ஏறி, பிறகு அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவுக்கு இறங்கும். இதுதான் மிகக் குறுகிய பாதை. அதன் நீளம் சுமார் 12,380 கிலோ மீட்டர், அதாவது ஏறத்தாழ 7,700 மைல்.

பெரிய ஜெட் விமானம் காற்றின் உதவியோ தடையோ இல்லாமல் மணிக்குச் சுமார் 900 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும். அந்தக் கணக்குப்படி பதினான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் இந்திய விமானங்கள் இந்தக் கோட்டின் மீதே செல்வதில்லை. முதல் தடை இயற்கை வைத்தது.

திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 15,000 அடி. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டால் பிரயாணிகளின் தலைக்கு மேலிருந்து பிராணவாயு முகமூடிகள் விழும். பெரும்பாலான விமானங்களில் அந்த பிராணவாயு சில நிமிடங்களுக்கே, ஏறக்குறைய கால் மணி நேரத்துக்கே போதுமானது. அதற்குள் விமானி 10,000 அடி உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். தரையே 15,000 அடியில் இருந்தால் எங்கே இறங்குவது? எனவேதான் விசேஷ ஏற்பாடுகள் இல்லாத விமானங்கள் திபெத்தைக் குறுக்கே கடப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகின்றன.

டில்லியிலிருந்து வடக்கே போவதற்கு இமயத்தைச் சுற்ற இரண்டே வாசல்கள். ஒன்று மேற்கு வாசல்: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசிய நாடுகள் வழியாக ரஷ்யாவுக்குள் நுழைந்து வடக்கே ஏறுவது. மற்றது கிழக்கு வாசல்: வங்கதேசம், பர்மா, சீனா வழியாகப் பசிபிக் கடலைக் கடப்பது. மேற்கு வாசலின் சாவி பாகிஸ்தானிடம் இருக்கிறது.

காற்றின் கணக்கு

தூரம் அதிகமானால் நேரமும் அதிகமாகும் என்று நினைப்பது இயல்பு. அது எப்போதும் சரியல்ல. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டில்லி-ஸான் பிரான்ஸிஸ்கோ நேர் சேவையைத் தொடங்கியபோது மேற்கே அட்லாண்டிக் வழியாகவே சென்றது. அந்தப் பாதை சுமார் 13,900 கிலோ மீட்டர். 2016 அக்டோபரில் அதே சேவையைக் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் சுமார் 15,300 கிலோ மீட்டராக உயர்ந்தது. ஆனால் விமானம் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 1,400 கிலோ மீட்டர் அதிகம் பறந்தும், பழைய பாதையைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிட்டது.

காரணம், வானத்தின் மேல்மட்டத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்று. முப்பதாயிரம் அடிக்கு மேலே நதியைப் போல ஓடும் இந்தக் காற்று, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு அருகிலும் வட பசிபிக் கடலின் மீதும் மிக வலுவாக இருக்கும். அதன் போக்கில் செல்லும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். எதிர்த்து வரும் விமானத்தைத் தடுக்கும். மேற்சொன்ன பயணத்தில் 15,300 கிலோ மீட்டரைப் பதினான்கரையால் வகுத்தால், தரையைப் பொறுத்தவரை மணிக்கு ஆயிரம் கிலோ மீட்டருக்கும் அதிகமான வேகம் கிடைக்கிறது. அந்த அதிகப்படி வேகம் காற்று கொடுத்த இனாம்.

பூமி சுழல்வதால்தான் கிழக்கே போகும் விமானத்துக்கு நேரம் குறைகிறது அல்லது கூடுகிறது என்று சிலர் எண்ணுவதுண்டு. அது தவறு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் விமானமும் சுழல்கின்றன. பயண நேரத்தை மாற்றுவது மேல்காற்றுதான். அது பருவத்துக்குப் பருவம் மாறுவதால், அன்றன்றைய வானிலையைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 15-ஆம் தேதி முதல் வட துருவப் பிரதேசத்தின் மீது பறக்கவும் ஏர் இந்தியா ஆரம்பித்தது. ஆகவே விமானக் கம்பெனிக்கு முக்கியமானது ஏதோ ஒரு பாதை அல்ல. பல பாதைகளில் அன்றைக்குச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே. ஒரு நாடு தன் வானத்தை மூடும்போது பறிபோவது இந்தச் சுதந்திரம்தான்.

எண்ணெயைச் சுமக்க எண்ணெய்

காரில் போகிறவர் பத்து மைல் சுற்றினால் பத்து மைலுக்கான பெட்ரோல் அதிகமாகும். விமானத்தின் கணக்கு இதைவிடக் கொடியது. நெடுந்தூரச் சேவைகளில் பயன்படும் போயிங் 777-300 ஈ.ஆர். ரக விமானம் புறப்படும்போது அதிகபட்சமாக 351 டன் எடை இருக்கலாம். அதன் தொட்டிகள் நிரம்பினால் எண்ணெயே சுமார் 145 டன். மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு! கூடுதலாக ஒரு மணி நேரம் பறக்க ஏறத்தாழ ஏழெட்டு டன் எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயைப் பயணத்தின் கடைசிவரை சுமந்து செல்வதற்கே மேலும் எண்ணெய் செலவாகும். எடை எல்லையை எட்டிவிட்டால் பிரயாணிகளையோ சரக்கையோ குறைக்க வேண்டும். அல்லது நடுவில் எங்காவது இறங்கி நிரப்ப வேண்டும். நடுவில் இறங்கினால் அந்த ஊர்க் கட்டணம், தாமதம், விமானிகளின் வேலை நேர வரம்பு என்று வேறு சிக்கல்கள் வருகின்றன.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இரட்டை எஞ்சின் விமானம், ஒரு எஞ்சின் நின்றுவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்கக்கூடிய விமான நிலையத்தைவிட்டு விலகிப் போகக்கூடாது. சைபீரியாவில் அத்தகைய நிலையங்கள் குறைவு. 2023 ஜூன் 6-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குச் சென்ற ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள மகதான் நகரில் இறங்க வேண்டி வந்தது. 216 பிரயாணிகளும் 16 ஊழியர்களும் மாற்று விமானம் வரும்வரை அங்கே தற்காலிக இடங்களில் தங்க நேர்ந்தது. வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் பாதையின் கீழே என்ன இருக்கிறது என்பதும் அதன் மீது பறப்பவர்களுக்கு முக்கியம் என்பதை அச்சம்பவம் காட்டியது.

வானம் யாருக்குச் சொந்தம்?

கடலில் கரையிலிருந்து சில மைல்களுக்கு அப்பால் எந்த நாட்டுக் கப்பலும் போகலாம். வானத்தில் அப்படியில்லை. 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் விதியே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மீதுள்ள வானத்தில் முழுமையான, பிரத்தியேகமான ஆதிபத்தியம் உண்டு என்று கூறுகிறது. அதே மாநாட்டில் உருவான மற்றொரு ஒப்பந்தத்தில், இறங்காமல் கடந்து செல்லும் உரிமையைப் பல நாடுகள் ஒன்றுக்கொன்று அளித்துக்கொண்டன. இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் சேர்ந்தவை. ரஷ்யாவும் சீனாவும் சேராதவை. அங்கே தனித்தனியே அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் யுத்தமும் பகைமையும் வரும்போது வானம் மூடப்படுகிறது.

இந்திய-பாகிஸ்தான் உறவில் இது புதிதல்ல. 1965 யுத்தத்தின்போது இரு நாடுகளும் வானத்தை மூடின. தாஷ்கண்ட் பிரகடனத்துக்குப் பிறகு 1966 பிப்ரவரியில் திறந்தன. 1971 ஜனவரி 30-ஆம் தேதி ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு, பிப்ரவரி 2-ஆம் தேதி அங்கே எரிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் இந்தியா தன் வானத்தைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது.

அப்போது அதன் விளைவு மிகப் பெரியது. கராச்சிக்கும் டாக்காவுக்கும் நேர் தூரம் சுமார் 2,350 கிலோ மீட்டர். இந்திய வானம் மூடப்பட்டதும் பாகிஸ்தான் விமானங்கள் தென்கோடியைச் சுற்றிக் கொழும்பு வழியாகச் செல்ல நேர்ந்தது. தூரம் ஏறக்குறைய இரு மடங்காகியது. கிழக்கு வங்கத்தில் நெருக்கடி முற்றிய அந்த வருஷத்தில், ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கிடையே ஆட்களையும் தளவாடங்களையும் கொண்டுசெல்வது எவ்வளவு கடினமாயிற்று என்பதைச் சரித்திரம் அறியும். பாகிஸ்தான் இதை எதிர்த்துச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பிடம் முறையிட்டது. அந்த அமைப்பின் கவுன்ஸிலுக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று இந்தியா வாதித்தது. விவகாரம் ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை சென்று, கவுன்ஸிலுக்கு அதிகாரம் உண்டு என்று 1972 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. ஆனால் வானத்தைத் திறந்தது அந்தத் தீர்ப்பு அல்ல. 1976-ல் இரு அரசாங்கங்களும் பேசி முடிவு செய்த பிறகே திறந்தது.

பார்லிமெண்ட் மீது 2001 டிசம்பரில் நடந்த தாக்குதலை அடுத்து 2002 ஜனவரி முதல் இரண்டு வருஷம் மறுபடியும் மூடப்பட்டது. 2019-ல் பாலாகோட் தாக்குதலை அடுத்து பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை 16 வரை மூடப்பட்டது. 2025-ல் நடந்தது ஐந்தாவது அத்தியாயம்.

2025-ல் நடந்தது

2025 ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்தியா மறுநாள் சில நடவடிக்கைகளை அறிவித்தது. ஏப்ரல் 24-ஆம் தேதி பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஏப்ரல் 30-ஆம் தேதி இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. மே மாதம் நடந்த சண்டை 10-ஆம் தேதி நின்றபோதிலும் வானத் தடை நிற்கவில்லை. மாதம் ஒரு முறை இரு நாடுகளும் அதை நீட்டித்துக்கொண்டே வந்தன. 2026 பிறந்தபோதும் தடை அமலில் இருந்தது.

டில்லியிலிருந்து மேற்கேயும் வடமேற்கேயும் போகும் இந்திய விமானங்கள் இப்போது முதலில் தென்மேற்காகக் குஜராத்துக்கு இறங்கி, அரபிக் கடலுக்குச் சென்று, ஓமன் அல்லது ஈரான் பக்கமாகத் திரும்பி, பிறகு வடக்கே ஏற வேண்டியதாயிற்று. அமெரிக்கா செல்லும் சில ஏர் இந்தியா விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எண்ணெய் நிரப்பின. ஜூன் 13-ஆம் தேதி இஸ்ரேல்-ஈரான் சண்டை மூண்டு ஈரானின் வானமும் மூடப்பட்டபோது, சுற்றுப்பாதையும் அடைபட்டுப் பல விமானங்கள் பாதி வழியில் திரும்பின. செப்டம்பர் 1 முதல் டில்லி-வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியபோது, விமானங்களைப் புதுப்பிக்கும் வேலையோடு பாகிஸ்தான் வானத் தடையையும் காரணமாகக் கூறியது.

ஆனால் இந்நிலையின் விசித்திரத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. டில்லியிலிருந்து சென்னை சுமார் 1,760 கிலோ மீட்டர். டில்லியிலிருந்து தாஷ்கண்ட் சுமார் 1,580 கிலோ மீட்டர். அதாவது டில்லிவாசிக்குச் சென்னையைவிடத் தாஷ்கண்ட் அருகில் இருக்கிறது. ஆயினும் 2025 ஏப்ரல் இறுதியில் இண்டிகோ கம்பெனி தாஷ்கண்டுக்கும் அல்மாட்டிக்கும் செல்லும் சேவைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் சிறிய ரக விமானங்களால் அரபிக் கடலைச் சுற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. 1966-ல் இரு நாடுகளும் சமாதானம் பேசிய ஊர், லால் பகதூர் சாஸ்திரி காலமான ஊர், எட்டாத ஊராகிவிட்டது.

யார் கொடுக்கும் விலை?

தடை இருவருக்கும் பொதுவானாலும் நஷ்டம் சமமானதல்ல. 2019-ல் ஜூலைத் தொடக்கம் வரையான கணக்கை மத்திய அரசு ராஜ்ய சபையில் தெரிவித்தது. ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம். மற்ற மூன்று இந்தியக் கம்பெனிகளுக்கும் சேர்த்து 60 கோடிக்கும் குறைவு. நெடுந்தூரம் பறப்பவனே அதிகம் இழக்கிறான் என்பது இதிலிருந்து தெரியும். 2025-ல் தடை ஒரு வருஷம் நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் நஷ்டமாகும் என்று ஏர் இந்தியா அரசாங்கத்துக்கு எழுதியதாகச் செய்திகள் வந்தன. பாகிஸ்தானும் தப்பவில்லை. தன் வானத்தைக் கடக்கும் விமானங்களிடமிருந்து வசூலாகும் கட்டணத்தில், ஏப்ரல் 24 முதல் ஜூன் 30 வரை 410 கோடி பாகிஸ்தான் ரூபாய் குறைந்துவிட்டதாக அந்நாட்டு அரசே தன் பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது.

லாபம் அடைபவர்கள் வேறு இருக்கிறார்கள். பாகிஸ்தானின் தடை இந்திய விமானங்களுக்கு மட்டுமே. வளைகுடா நாட்டு விமானங்களும் ஐரோப்பிய விமானங்களும் டில்லியிலிருந்து புறப்பட்டு நேராகப் பாகிஸ்தானின் மீது பறக்கலாம். அதே ஊரில் ஏறி அதே ஊரில் இறங்கும் பிரயாணி, எந்தக் கொடியுள்ள விமானத்தில் ஏறுகிறார் என்பதைப் பொறுத்து அவருடைய பாதை மாறுகிறது.

இங்கே காலத்தின் விளையாட்டு ஒன்றும் உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரெய்ன் யுத்தம் தொடங்கியபின் ரஷ்யா தன் வானத்தை மேலை நாடுகளுக்கு மூடியது. அமெரிக்காவின் யுனைடெட் கம்பெனி 2022 மார்ச்சில் டில்லி-ஸான் பிரான்ஸிஸ்கோ சேவையை நிறுத்தியது. ரஷ்யாவின் மீது தடையின்றிப் பறந்த ஏர் இந்தியாவுக்கு அது பெரிய அனுகூலமாயிற்று. இது நியாயமற்ற போட்டி என்று அமெரிக்கக் கம்பெனிகள் முறையிட்டன. மூன்றே வருஷத்தில் நிலைமை திரும்பிவிட்டது. வேறொருவர் வீட்டு வாசல் மூடப்பட்டபோது கிடைத்த லாபம் நிரந்தரமல்ல என்பதை அனுபவம் போதித்தது.

2025 நவம்பரில் மற்றொரு செய்தி வந்தது. சீனாவின் சிங்கியாங் பகுதியில், ராணுவக் கட்டுப்பாட்டில் உள்ள வான்பகுதி ஒன்றின் வழியாகப் பறக்க அனுமதி பெற்றுத் தருமாறு ஏர் இந்தியா மத்திய அரசைக் கோரியதாகவும், நெருக்கடி நேர்ந்தால் ஹோட்டான், காஷ்கர், உரும்கி நிலையங்களில் இறங்க வசதி கேட்டதாகவும் ராய்ட்டர் செய்தி கூறியது. பூகோளத்தில் இழுத்த நூல் சிங்கியாங்கின் மீதுதான் ஓடுகிறது என்பதை நினைத்தால் இக்கோரிக்கையின் பொருள் விளங்கும். இயற்கை வைத்த தடையையே தாண்டிப் போகலாமா என்று கேட்கும் அளவுக்கு மனிதர் வைத்த தடை வலுத்துவிட்டது. ஒரு அண்டை நாட்டின் வாசல் மூடியதால் இன்னொரு அண்டை நாட்டின் வாசலைத் தட்டுகிறோம். அந்தச் சாவியும் நம் கையில் இருக்கப் போவதில்லை.

செய்ய வேண்டியவை

தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட முடிவைச் சில மணி நேரப் பிரயாண வசதிக்காக மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 26 உயிர்களை இழந்த நாட்டின் கோபம் நியாயமானது. 1971-ல் இதே ஆயுதத்தை இந்தியாவும் பயன்படுத்தியது, பலனும் கண்டது. ஆனால் 1971-ல் எதிரியின் இரு பகுதிகள் நம் வானத்தின் இரு புறமும் இருந்தன. இன்று பாகிஸ்தானுக்குக் கிழக்கே அப்படிப் போக வேண்டிய ஊர் எதுவும் இல்லை. இந்தியாவுக்கோ மேற்கே உலகின் பாதி இருக்கிறது. ஆகவே இந்த ஆயுதத்தின் முனை இப்போது பெரும்பாலும் நம் பக்கமே திரும்பியிருக்கிறது. இதை மறைக்காமல் கணக்கில் எடுத்துக்கொள்வது பலவீனமாகாது.

முதலாவதாக, அந்தக் கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். 2019-ல் பார்லிமெண்டில் தெரிவித்ததைப் போலத் தடையால் ஏற்படும் செலவை அரசு குறிப்பிட்ட கால இடைவெளியில் தெரிவிக்கலாம். தேசத்தின் பொருட்டு எடுக்கப்படும் முடிவின் செலவு முழுவதும் ஒரு கம்பெனியின் தலையிலும், அதன் வழியாக டிக்கெட் வாங்குபவரின் தலையிலும் விழுவது சரிதானா என்பதைப் பொது ஜனங்கள் விவாதிக்க அது உதவும்.

இரண்டாவதாக, பிரயாணிக்கு உண்மை தெரிய வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் 2025 ஏப்ரல் 26-ஆம் தேதியே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பாதை மாற்றத்தையும் கூடுதல் நேரத்தையும் நடுவில் இறங்கும் வாய்ப்பையும் பிரயாணிகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், நீண்ட பயணத்துக்குப் போதிய உணவும் மருந்து வசதியும் வைத்திருக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. நல்ல உத்தரவு. ஆனால் விமானத்தில் ஏறும் நாளில் தெரிவிப்பது போதாது. டிக்கெட் விற்கும்போதே சொன்னால்தான் எழுபது வயதுப் பெரியவர் தன்னால் இந்தப் பயணம் முடியுமா, வேறு வழியில் இடையே இறங்கி இளைப்பாறிப் போகலாமா என்று முடிவு செய்ய முடியும்.

அதுவரை பிரயாணிகளும் சில முன்ஜாக்கிரதைகள் செய்துகொள்வது நல்லது. நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், இரண்டு மூன்று வேளைக்கு அதிகப்படியான மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் போட்டுவிடக் கூடாது. நடுவில் விமானம் இறங்கினாலும் பெட்டி கைக்கு வராது. அவ்வப்போது எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் பதினாறு மணி நேரப் பயணத்துக்கே அவசியம். அதற்கு மேல் போனால் சொல்ல வேண்டியதில்லை. போய் இறங்கியதும் அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இடையில் போதிய நேரம் விட்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, வானப் பாதையை மற்ற தகராறுகளிலிருந்து பிரித்துப் பேச முடியுமா என்று பார்க்க வேண்டும். 1965, 1971, 2002, 2019 ஆகிய நான்கு முறையும் மூடிய வானம் திறந்தே இருக்கிறது. ஒரு தடவை ஐந்து மாதத்தில், ஒரு தடவை ஐந்து வருஷத்துக்குப் பின். எந்தத் தடவையும் காஷ்மீர்ப் பிரச்னை தீர்ந்த பிறகு திறக்கவில்லை. அது தீராமல் இருக்கும்போதே, இரு தரப்புக்கும் நஷ்டம் புரிந்த பிறகு திறந்தது. இம்முறையும் அப்படித்தான் நடக்கும் என்றால், அதைத் தாமதிப்பதால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வி எழுகிறது.

டில்லிக்கும் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கும் நேரத்தில் பன்னிரண்டரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. கோடையில் அதிகாலை 4 மணிக்கு டில்லியில் புறப்பட்டுப் பதினாறு மணி நேரம் பறந்தவர், அங்கே அதே நாள் காலை 7-30 மணிக்கு இறங்குவார். பேரனுடன் காலைப் பலகாரம் சாப்பிடலாம். மூன்று மணி நேரம் கூடினால் அது பகல் சாப்பாடாக மாறும். அவ்வளவுதானே என்று சிலர் சமாதானம் கூறக்கூடும். அந்த மூன்று மணி நேரத்தில் எரியும் இருபது டன்னுக்கு மேற்பட்ட எண்ணெயின் விலையும், கால் வீங்கி உட்கார்ந்திருக்கும் முதியவரின் சிரமமும் அந்தச் சமாதானத்தில் சேரவில்லை. டில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ எவ்வளவு தூரம் என்ற கேள்விக்குப் பூகோளப் புத்தகம் 12,380 கிலோ மீட்டர் என்று பதில் சொல்லிவிட்டது. மிச்சப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் டில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் இருக்கிறார்கள்.